பகைவர் ஏறிய படகு: வந்தவாசிப் போர் முதல் ‘ஃபத்தே சலாம்’ கப்பற்சேதம் வரை (1760–1761)

ஆய்வுச் சுருக்கம்

மூன்றாம் கருநாடகப் போரின் இறுதிக் கட்டம் வந்தவாசி, திண்டிவனம், வளவனூர், புதுச்சேரி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பில் நிகழ்ந்தது. அப்போரில் பகைவராக நின்ற ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1761 ஆகஸ்டில் வங்கக் கடலில் ஒரே படகில் ஏழு நாள் உயிர்பிழைத்திருக்க நேர்ந்தது. அந்நிகழ்வை, அதே போரில் அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களுக்குள் நிகழ்ந்த வேறு இரண்டு நெருக்கடிகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நெருக்கடி தானாகவே பகைவரை இணைப்பதில்லை. யார் யாரோடு இணையத்தக்கவர் என்பதை நெருக்கடிக்கு முன்பே நிலவிய வழக்காறு பெருமளவில் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: வந்தவாசிப் போர், புதுச்சேரி முற்றுகை, லாலி, அயர் கூட், போர்க்கைதிகள், கப்பற்சேதம், வங்கக் கடல்.

முன்னுரை

1940 ஏப்ரல் 27 அன்று நார்வே நாட்டுப் பனிமலைப் பகுதியில் ஆங்கிலப் போர்வானூர்தி ஒன்று ஜெர்மானிய வானூர்தி ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. சற்று நேரத்தில் ஆங்கில வானூர்தியும் பொறி பழுதுபட்டு அப்பகுதியிலேயே தரையிறங்கியது. குரோட்லி என்னும் இடத்திற்கு அருகே ஆளில்லா மலைக்குடில் ஒன்றில் இரு தரப்பு வீரரும் தங்கி அன்றைய கடுங்குளிரைக் கடந்தனர். ஆங்கில விமானி பார்ட்ரிட்ஜும் ஜெர்மானிய விமானி ஷோபிஸும் பல்லாண்டுகளுக்குப் பின் நண்பராகச் சந்தித்துக்கொண்டனர். இத்தகைய நிகழ்வுகளைச் சொல்வோர், உயிருக்கு ஆபத்து வரும்போது பகை தானே கரைந்துவிடும் என்று முடிவு கட்டுவது வழக்கம்.

இம்முடிவைச் சோதித்துப் பார்க்கத் தமிழகக் கடற்கரையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. வந்தவாசிப் போரில் சிறைப்பட்ட பிரெஞ்சுப் படை அதிகாரி ஒருவர், தம்மைச் சிறைப்பிடித்த படையைச் சேர்ந்த ஆங்கிலேயரோடு 1761இல் ஒரே படகில் உயிர்தப்பினார். லாலியின் படைப்பிரிவில் கேப்டனாக இருந்த கெர்னி என்பவரே அவர். தாம் பட்ட துன்பத்தைத் தெஸ்தேங் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்தார். அக்கடிதம் பின்னர் ஆங்கிலத்தில் கப்பற்சேத வரலாற்றுத் தொகுப்புகளில் இடம்பெற்றது. கருநாடகப் போர்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி வீழ்ந்ததோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தைய இந்நிகழ்வு, போரின் உள்ளியல்பைக் காட்டுவதால் கவனத்திற்குரியது.

போர் நிகழ்ந்த நிலம்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை, லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. பிரெஞ்சுத் தளபதியருள் புகழ்பெற்ற புஸ்ஸி அங்கே சிறைப்பட்டார். அதன் பின்னர் கூட், புதுச்சேரியை நேரே தாக்காமல் அதற்குச் சோறிட்ட பின்னிலத்தை ஒவ்வொரு கோட்டையாகப் பறித்தார். ஆர்க்காடு பிப்ரவரியிலும், திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக்கோட்டையும் கடற்கரையிலுள்ள ஆலம்பரையும் மார்ச்சிலும், காரைக்காலும் வழுதாவூரும் ஏப்ரலிலும், வில்லியனூர் ஜூலையிலும் ஆங்கிலேயர் வசமாயின. செஞ்சி மட்டும் 1761 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது.

விழுப்புரத்திலிருந்து வளவனூர், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் வழியும், வழுதாவூர் வழியும் உள்நாட்டு நெல்லும் கால்நடையும் துறைமுக நகருக்குச் சென்ற வழிகளாகும். வழுதாவூரும் வில்லியனூரும் பறிபோனபின் அவ்வழிகள் அடைபட்டன. கடல்வழியும் பயன்படவில்லை. தஷே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை 1759இல் சோழமண்டலக் கரையை விட்டுச் சென்றது. பின்னர் திரும்பவே இல்லை. மைசூர்ப் படையின் துணையை லாலி நாடினார். தியாகதுருகம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் அத்துணை முற்றுகையை உடைக்கப் போதவில்லை.

எதிரெதிராக நின்ற இரு படைகளும் தம்முள் முற்றிலும் வேறுபட்டவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. லாலி பிரான்சில் பிறந்தவர். அவர் தந்தை அயர்லாந்தினர். அவர் பெயரால் அமைந்த படைப்பிரிவு, பிரெஞ்சு மன்னரிடம் பணிபுரிந்த அயர்லாந்துப் படையணியைச் சேர்ந்தது. அவரை வென்ற கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே. படைவீரர் அணி மாறுவதும் அரிதன்று. பிற்காலத்தில் லக்னோவில் பெருஞ்செல்வராக விளங்கிய குளோட் மர்த்தேன், 1760இல் பிரெஞ்சுப் படையை விட்டு ஆங்கிலேயரிடம் சேர்ந்தவர். இரு தரப்பிலும் சிப்பாய்களாகப் போரிட்டவர் இந்நாட்டவர்.

வாக்குறுதி விடுதலை

அக்கால ஐரோப்பியப் போர்களில் சிறைப்பட்ட அதிகாரியை, மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று சொல்வாக்குப் பெற்று விடுவிக்கும் மரபு இருந்தது. கைதிப் பரிமாற்றம் முடியும் வரை அவ்வாக்கு அவரைக் கட்டுப்படுத்தும். சிறையில் அடைத்துச் சோறிடும் செலவு இதனால் மிச்சமாகும். தன் தரப்பு அதிகாரிகள் பிடிபடும்போது இதே நன்னடத்தையை எதிர்பார்க்கவும் இடமுண்டு.

இம்மரபு எப்போதும் காக்கப்படவில்லை. கெர்னியின் கடிதத்தைப் பெற்ற தெஸ்தேங் பிரபுவே அதற்குச் சான்று. 1758 டிசம்பரில் சென்னை முற்றுகையின்போது ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட அவர், வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டார். ஆயினும் 1759இல் பாரசீக வளைகுடாவில் கோம்ப்ரூனில் இருந்த ஆங்கில வணிகநிலையத்தைத் தாக்கினார். பின்னர் மீண்டும் பிடிபட்டபோது, வாக்கை மீறியவர் என்று ஆங்கிலேயர் அவர்மீது குற்றம் சுமத்தினர்.

மீறல் கண்டிக்கப்பட்டது என்பதிலிருந்தே மரபின் வலிமை புலப்படும். ஆனால் அம்மரபு அதிகாரிகளுக்கு உரியது. சாதாரணப் படைவீரன் சிறைக்கொட்டடிக்குச் சென்றான். சிப்பாய்க்கும் நகர மக்களுக்கும் இம்மரபில் பெரும்பாலும் இடமில்லை. இவ்வேறுபாடு பின்வரும் மூன்று நிகழ்வுகளையும் விளங்கிக்கொள்ள உதவுகிறது.

இரு அணிகளுக்கு இடையே 1,400 பேர்

1760 செப்டம்பரில் ஆங்கிலேயர், புதுச்சேரியைச் சூழ்ந்திருந்த முள்வேலி அரணைக் கைப்பற்றினர். கள்ளியும் முட்செடியும் பனையும் அடர்த்தியாக வளர்க்கப்பட்ட அவ்வேலிக்கும் கோட்டை மதிலுக்கும் இடைப்பட்ட நிலம், அதுவரை நகரத்தின் காய்கறிக்கும் கால்நடைக்கும் பயன்பட்டது. அதுவும் போனபின் நகருக்குள் இருந்த தானியமே எஞ்சியது.

நவம்பர் 27 அன்று லாலி, கோட்டைக்குள் இருந்த இந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 1,400 பேரை வெளியேற்றினார். ஆண், பெண், குழந்தை என எல்லாரும் அதில் இருந்தனர். அக்காலப் படை நடவடிக்கைகளை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். வெளியேறியவர் ஆங்கிலக் காவல்நிலைகளை அணுகியபோது அவர்களைக் காவலர் திருப்பி அனுப்பினர். உண்ணும் வாய்கள் நகருக்குள் மிகுந்தால் சரணடைவு விரைவில் வரும் என்பது முற்றுகையிட்டோரின் கணக்கு. மதிலருகே திரும்பியவர்களைப் பிரெஞ்சுக்காரரும் ஏற்கவில்லை. எட்டு நாள் அம்மக்கள் இரு படைகளுக்கும் இடையே திறந்தவெளியில் புல்வேரைத் தின்று கிடந்தனர். இறுதியில் கூட் அவர்களைத் தம் காவல் வரிசையைக் கடந்து செல்ல அனுமதித்தார்.

இங்கே நெருக்கடிக்குக் குறைவில்லை. இரு தரப்பு வீரரும் அம்மக்களைக் கண்ணெதிரே கண்டனர். ஆயினும் அவர்களைக் காப்பதற்கு இரு படைத்தலைவரும் பேசி உடன்பாடு காண எட்டு நாளும் போதவில்லை. அதிகாரி ஒருவர் சிறைப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மரபு இருந்தது. வெளியேற்றப்பட்ட குடும்பத்தை என்ன செய்வது என்பதற்கு மரபு இல்லை. அவர்களை விடுவித்தது ஒரு தளபதியின் தனி முடிவே.

1761 புத்தாண்டுப் புயல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டு அகன்றுவிடுவது வழக்கம். திறந்த கடலில் நங்கூரமிடுவதைத் தவிர இக்கரையில் வேறு புகலிடம் கிடையாது. முற்றுகை தளரக்கூடாது என்பதற்காக அட்மிரல் ஸ்டீவன்சின் ஆங்கிலக் கப்பல்கள் அம்முறை புதுச்சேரிக்கு எதிரிலேயே நின்றன. 1761ஆம் ஆண்டு பிறந்தபோது அவற்றைப் பெரும்புயல் தாக்கியது.

‘டூக் தக்கிதேன்’, ‘சண்டர்லாந்து’ என்னும் போர்க்கப்பல்களும் ‘டியூக்’ என்னும் சரக்குக்கப்பலும் மூழ்கின. அவற்றில் இருந்தோருள் ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். உடைந்த மரத்துண்டுகளைப் பற்றி மிதந்த 14 பேர் மட்டுமே மீட்கப்பட்டனர். ‘நியூகாசில்’, ‘குயின்பரோ’, ‘புரொடெக்டர்’ ஆகியவை அரியாங்குப்பத்தை ஒட்டிய கரையில் தள்ளப்பட்டுச் சிதைந்தன. நிலத்திலும் ஆங்கிலப் பாசறை அழிந்தது. கூடாரங்கள் பறந்தன, வெடிமருந்து நனைந்தது, வீரர் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடினர். பாசறையைச் சார்ந்திருந்த இந்நாட்டவர் பலர் குளிரில் இறந்தனர்.

அந்த இரவில் பிரெஞ்சுக்காரர் வெளிவந்து தாக்கியிருந்தால் முற்றுகை உடைந்திருக்கக்கூடும். ஆனால் அவர்களாலும் உலர்ந்த துப்பாக்கியோடு நடக்க இயலாத புயல் அது. விடிந்ததும் லாலி முதலில் எண்ணியது அரிசியை. ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது, இவ்வாய்ப்பில் படகுகளில் அரிசி அனுப்புக என்று பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ரேமோனுக்கு ஜனவரி 2 அன்று கடிதம் எழுதினார். ஒரு வாரத்திற்குள் எஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் திரும்பி வந்து கடலை மீண்டும் அடைத்தன. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அந்நகரின் வாழ்வைக் கால்நூற்றாண்டு நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அம்மாதத்திலேயே காலமானார்.

ஒரே புயல் இரு தரப்பையும் தாக்கியும் அது அவர்களை இணைக்கவில்லை. இடையே மதில் இருந்தது. ஒருவர் இழப்பு மற்றவர் ஆதாயமாக இருந்தது. பொது ஆபத்து, பொது நலனாக மாறவில்லை.

‘ஃபத்தே சலாம்’

நகரம் வீழ்ந்தபின் பிரெஞ்சுக் கைதிகளை என்ன செய்வது என்பது ஆங்கிலேயரின் சிக்கலாயிற்று. கைதிகளைக் கடல்வழியே வேறிடங்களுக்கு அனுப்புவது அவர்கள் கண்ட வழி. வந்தவாசியில் பிடிபட்டிருந்த கெர்னி, சென்னையிலிருந்து வங்காளம் செல்லும் ‘ஃபத்தே சலாம்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டார். கப்பலில் ஏறத்தாழ 500 பேர் இருந்தனர்.

1761 ஆகஸ்டு 28 காலையில் கப்பலின் அடித்தளத்தில் நீர் நிரம்பிவிட்டது தெரியவந்தது. மேல்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த கெர்னியை, கப்பலில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரி மேஜர் கோர்டன் எழுப்பி அச்செய்தியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். கப்பலில் இருந்த எல்லாருக்கும் செய்தி எட்டுவதற்குள் சிலர் கப்பலோடு பிணைத்திருந்த பெரும்படகில் இறங்கினர். படகில் சேர்ந்தவர் 25 பேர். கப்பல் மற்றவர்களோடு மூழ்கியது.

படகில் போதிய உணவில்லை, குடிநீர் இல்லை, நெடும்பயணத்திற்கு உரிய கருவிகளும் இல்லை. ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் கடலில் கிடந்தனர். ஆகஸ்டு மாதத்தில் வங்கக் கடலில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அக்காற்றில் தெற்கு நோக்கிச் சென்னைக்குத் திரும்புவது திறந்த படகுக்கு இயலாத செயல். வடகிழக்கே செல்வதே வழி. அவ்வாறே அவர்கள் ஒடிசாக் கரையை அடைந்தனர். ஒடிசா அப்போது மராத்தியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கரையேறியவர் அங்கும் அல்லல்பட்டு, பின்னரே வங்காளம் சேர முடிந்தது.

படகில் இணைந்தோர்

படகில் நிகழ்ந்த ஒத்துழைப்பை இரு கூறாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, படகில் ஏறுவதற்கு முன் நிகழ்ந்தது. இரண்டாவது, ஏறியபின் நிகழ்ந்தது.

பின்னதை விளக்குவது எளிது. 25 பேரைச் சுமந்த திறந்த படகில் அலைநீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, சிலர் நீர் இறைக்க, சிலர் ஓய்வெடுக்க வேண்டும். ஒருவர் எழுந்து தடுமாறினாலும் எல்லாரும் கவிழ்வர். இந்நிலையில் கைதி, காவலர் என்னும் வேறுபாடு தன் பொருளை இழந்துவிடுகிறது. கெர்னி தப்பியோடவும் இடமில்லை. கோர்டன் அவரைக் காக்கவும் தேவையில்லை. அதிகாரிகள் இருவரையும்விடப் படகு ஓட்டத் தெரிந்த மாலுமியின் கையே அங்கே மதிப்புடையது. நார்வே மலைக்குடிலில் நிகழ்ந்ததும் இதுவே.

முன்னதே சிந்திக்கத்தக்கது. கப்பல் மூழ்கப் போகிறது என்னும் செய்தி உயிரைக் காக்கும் பொருளாக இருந்தது; முந்திப் பெற்றவர் பிழைத்தார். ஆங்கில மேஜர் அச்செய்தியைப் பிரெஞ்சுக் கைதி ஒருவரிடம் சொன்னார். அடித்தளத்தில் இருந்த தம் நாட்டு வீரருக்கு அதே வேளையில் அது எட்டவில்லை. அந்த நொடியில் நாடும் கொடியும் எல்லையாக இருக்கவில்லை. தகுதிநிலை எல்லையாக இருந்தது. போர்க்களத்தில் வாளை ஒப்படைத்து, சொல்வாக்குக் கொடுத்து, ஒரே மேசையில் உண்ணும் அதிகாரி வர்க்கத்தின் பழக்கமே அந்தத் தாழ்ந்த குரலில் செயற்பட்டது. படகு கண்ணெதிரே தோன்றும் முன்பே, அதில் யாருக்கு இடம் என்பதில் ஒரு பகுதி முடிவாகியிருந்தது.

இதனால் கோர்டனின் செயல் இழிவானது என்று கூற இயலாது. உரக்கக் கூவியிருந்தால் 500 பேரும் ஒரே படகின்மேல் பாய்ந்திருப்பர்; ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார். அவர் தம் பகைவரை எழுப்பியது இரக்கமே. அவ்விரக்கம் எத்திசையில் பாய்ந்தது என்பதே இங்கு வரலாற்றுக் கேள்வி. ஒன்பது மாதங்களுக்கு முன் புதுச்சேரி மதிலருகே 1,400 பேர் எட்டு நாள் காத்திருந்தபோது அதே போர், அதே படைகள், அதே மரபு. அங்கே இரக்கம் எட்டாம் நாளில் வந்தது. கப்பலில் அது உடனே வந்தது.

கடிதத்தை எழுதியவர் ஓர் அதிகாரி, பெற்றவரும் அதிகாரி என்பதையும் மறத்தலாகாது. கடிதம் படகை அதிகாரிகளின் கண்வழியே காட்டுகிறது. நீர் இறைத்த மாலுமிகளின் சொல் அதில் இல்லை.

ஒப்பீடு

மூன்று நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒத்துழைப்புக்கு வேண்டிய நிலைமைகள் தெளிவாகின்றன. புயலில் ஆபத்து இருவருக்கும் பொதுவாயினும், ஒருவர் பிழைக்க மற்றவர் தேவைப்படவில்லை. ஆகவே இணக்கம் எழவில்லை. வெளியேற்றப்பட்ட மக்களின் நிலையில், ஆபத்தில் இருந்தோர் வேறு, முடிவெடுத்தோர் வேறு. மக்களின் பசி தளபதியரைச் சுடவில்லை. படகில் மட்டுமே ஆபத்து எல்லாருக்கும் பொதுவாகி, ஒருவர் உயிர் மற்றவர் உழைப்பைச் சார்ந்திருந்தது. அதற்கும் மேலாக, படகில் இடம்பெறும் தகுதி உடையவராக ஒரு பகைவரை ஏற்கும் மரபு முன்பே இருந்தது.

அம்மரபை அதிகாரிகளுக்கு அப்பால் விரிக்க நெடுங்காலம் பிடித்தது. 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை, தரைப்போரில் காயமுற்றோரை நாடும் பதவியும் பாராமல் காக்க வகை செய்தது. 1949ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை, கடற்போரில் கப்பல் சிதைந்து தவிப்போருக்கும் அதே பாதுகாப்பை அளிக்கிறது. அதே ஆண்டின் நான்காம் உடன்படிக்கை, முற்றுகையிடப்பட்ட இடங்களிலிருந்து முதியோர், நோயுற்றோர், குழந்தைகள், மகப்பேற்று நிலையிலுள்ள பெண்கள் ஆகியோரை வெளியேற்ற இரு தரப்பும் உடன்பாடு காண முயலவேண்டும் என்கிறது. 1760இல் புதுச்சேரிக்கு வெளியே எட்டு நாள் இல்லாதிருந்தது அத்தகைய உடன்பாடே.

முடிவுரை

1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி 1765இல் பிரெஞ்சுக்காரரிடம் இடிபாடாகத் திரும்பியது. லாலி 1766 மே 9 அன்று பாரிசில் தலை வெட்டுண்டு இறந்தார். தோல்விக்குப் பொறுப்பாளியாக அவருடைய நாடே அவரைத் தண்டித்தது. பகைவரின் பிடியில் இருந்த கெர்னி பகைவராலேயே உயிர் பிழைத்தார்.

இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. பொது ஆபத்து மட்டும் பகையை அழிப்பதில்லை. ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருக்கும்போதே பகைவர் இணைகின்றனர். அவ்விணைப்பில் யாருக்கு இடம் என்பதைப் போருக்கு முன்பே சமூகம் வகுத்துவைத்த வழக்காறுகள் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே பகைவர் ஒன்றுகூடிப் பிழைத்த வரலாற்றை எழுதுவோர், படகில் ஏறிய 25 பேரோடு, செய்தி எட்டாமல் மூழ்கியவரையும், மதிலுக்கும் முள்வேலிக்கும் இடையே புல்வேர் தோண்டித் தின்றவரையும் சேர்த்தே கணக்கில் கொள்ளவேண்டும். வந்தவாசி முதல் வளவனூர் வழியாகப் புதுச்சேரி வரை நீளும் இந்நிலத்தின் போர் வரலாறு, தளபதியரின் வெற்றி தோல்விகளுக்கு அப்பால் இக்கண்ணோட்டத்திலும் எழுதப்பட வேண்டியதாகும்.